விடுபட்ட சொல்

மாஞ்சோலை ஆஸ்பத்திரி. மாதத்தின் மூன்றாம் புதன்.
டொக்டர் இமேஷா சொல்வதைத் தமிழாக்குவது என் வேலை;
சம்பளப் பட்டியலில் நான் சிற்றூழியன்.
சிங்களம் நான் பிடித்தது
முட்கம்பிக்குள், பவுசர் வரிசையில்,
வாளிக்கும் வாளிக்கும் நடுவே.

இலக்கம் இருபத்தொன்பது: சுகிர்தா, முத்தையன்கட்டு.
வெயில் படாமல் மணிக்கட்டுவரை நீளக் கை.
மூக்கின் இருபுறமும் சிவப்பு.
காலையில் சட்டை ஊசி பூட்ட மறுக்கும் விரல்கள்.
லூப்பஸ் என்று
கிளினிக் கொப்பியில் நாலு வருடமாய் எழுதியிருக்கிறது.

"உன் உடம்புக்குள் ஒரு ஹமுதாவ," என்றார் டொக்டர்,
"அது உன்னையே எதிரி என்று நினைக்கிறது."
நான் சொன்னேன்: உங்கட உடம்பிலை ஒரு காவல் இருக்குதாம்.
அது ஆள்மாறிப் பிடிக்குதாம்.

"அவா ஹமுதாவ எண்டவா.
அந்தச் சொல்லு எனக்கு விளங்கும், தம்பி."

தாதி மின்விசிறியைக் கூட்டினாள்.
அதே கூட்டத்துக்குள்ளே, டொக்டர் தொடர்ந்தார்,
போதும், விடு என்று சொல்வதற்கென்றே
சில கலங்கள் உண்டு.
அவள் என்னைப் பார்த்தாள்.
"அப்பிடியும் ஆக்கள் இருந்தவையோ?"

இதை நான் சிங்களத்தில் கேட்கவில்லை.
எத்தனை என்று மட்டும் கேட்டேன்.
நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் பத்து.
இவளுக்குள் அவையும் களைத்துப்போயிருக்கலாம்.

இனி அந்தக் கலத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.
அடக்கும் கலம் என்றால்
அடக்குமுறை வந்து வாசலில் நிற்கிறது;
அடக்கம் என்றாலோ,
எத்தனை பேரை அடக்கம் செய்யாமலே
நடந்து வந்தோம்.
கட்டுப்படுத்தும் கலம்:
ஆற்றை கட்டுப்பாட்டுப் பகுதி என்று கேட்பாள்.
தணிக்கும் கலத்துக்குப் பின்னால் தணிக்கை.
நிறுத்தும் கலம்: போர்நிறுத்தம்,
ஏ-ஒன்பது திறந்த வருடம், பிறகு மூடிய வருடம்.
சமாதானத்தை
நான் வாயில் எடுக்கவே இல்லை.

டொக்டர் பேனாவால் மேசையைத் தட்டினார்.
பெயரை விட்டுவிட்டு வேலையைச் சொன்னேன்:
ரத்தம் எடுத்து, அந்தச் சிலதை மட்டும் பொறுக்கி,
ஆய்வுகூடத்தில் பெருக்கி,
சிலவேளை எதைக் காக்கவேண்டுமென்று குறித்தும் கொடுத்து,
திரும்ப அதே உடம்புக்குள் விடுகிறார்கள்.
வேறு நாடுகளில். இன்னும் சோதனையாய்.

"என்ரையை எடுத்து எனக்கேயோ?"
ஓம்.
"எங்கட இடதுகரை வாய்க்காலிலை
துருசுச் சாவி வச்சிருக்கிறவர் மாதிரி.
தண்ணி வேணும்தான். ஆனா
கதிர் முத்தினாப் பிறகும் வந்துகொண்டிருந்தா
வயல் முழுக்கப் படுத்திடும்.
அவர் வந்து பூட்டோணும்."

சாவி. யதுர.
வாய்க்கால், கதிர், படுத்த நெல்,
எல்லாவற்றையும் சிங்களத்துக்குக் கொண்டுபோனேன்.
டொக்டர் எழுதுவதை விட்டு
முதல் தடவையாய் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆனா அவரும்
ராவிலை தன்ர மச்சான்ர வயலுக்குத் திறந்துவிடுறவர்,"
என்றாள் சுகிர்தா. "அதையும் கேளுங்கோ."

கேட்டேன்.
அந்தப் பயமும் உண்டு, என்றார் டொக்டர்.
நிறுத்தப் போனது
அடிக்கிற பக்கம் சேர்ந்துவிடலாம்.
அதைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.
இதில் ஒரு சொல்லும் நான் விடவில்லை.

இங்கே எப்ப வரும்?
"தன்னே நே."
அதையும் நான் தமிழாக்கத் தேவைப்படவில்லை.

மூன்று நிறத்தில் குளிசை. ஒன்றரைக்கு ஒட்டுசுட்டான் பஸ்.
தாழ்வாரத்தின் விளிம்பில் குடையை விரித்து,
கையுறை போல் சட்டைக் கையை இழுத்துவிட்டு,
"சிறுபோகத்துக்குப் பத்தாம் திகதி திறக்கினமாம்,"
என்றாள், எனக்கோ வெயிலுக்கோ தெரியவில்லை.

கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன்:
சாவிக்காரக் கலம்.
அடைப்புக்குள் ஒரு கேள்விக்குறி.